மாமா வேன் ஓட்டிய கிளப்

என் மாமனார் ஆங்கிலம் கற்றுக்கொண்டது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களிடம். அதனால் ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், இங்கே டெய்ரி என்று சொல்லும் எங்கள் தெருமுனைச் சின்னக் கடைக்குப் பால் வாங்கப் போனால், கல்லாவில் இருக்கும் குஜராத்தி அம்மாவைப் பார்த்து, "வாட்ஸ் அப், சிஸ்டர்?" என்பார். அந்த அம்மா முதலில் முறைத்தார். பிறகு அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்தார்.

மாமா யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக நெதர்லாந்துக்குப் போனவர். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த குளிர்காலத்தில், முகாமுக்குப் பக்கத்தில் இருந்த விளையாட்டு அரங்குக்குள் குளிர் தாங்காமல் நுழைந்திருக்கிறார். உள்ளே அந்தச் சின்ன ஊர் கூடைப்பந்து கிளப்பின் ஆட்டம். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. ஒருவர் காபி கொண்டுவந்து கொடுத்தார். பின்னாளில் லைசென்ஸ் எடுத்ததும் அவர்களுடைய வேனை ஓட்டத் தொடங்கினார். வார நாட்களில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறு வேன். ஒவ்வொரு சீசனுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கும் வீரர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்து, கோழிக்கறி சமைத்துப் போடுவார். என் மனைவி பாதி வீட்டுப்பாடத்தை அந்த வேனின் பின் சீட்டில்தான் எழுதினாளாம்.

நான் தமிழ்நாட்டிலிருந்து ஐடி வேலைக்கு ஆக்லாந்து வந்தவன். அவளும் வேலைக்காக இங்கே வந்தவள். இங்கேயே சந்தித்தோம், இங்கேயே கல்யாணம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மாமி இறந்திருந்தார். சில வருடங்களுக்குப் பிறகு அந்தக் கிளப்பும் திவாலாகி மூடப்பட்டது. அப்போதுதான் மாமா எங்களிடம் வந்தார்.

சாயங்காலங்களில் நானும் அவரும் ரயில் ஸ்டேஷன் வரை நடப்போம். அவர் கதை சொல்லிக்கொண்டே வருவார்.

"பள்ளிக்கூட ஜிம்மில தொடங்கினது, தம்பி. ரெண்டு வாத்திமாரும் ஒரு பேக்கரிக்காரனும். பிறகு ஒரு யன்னல் கம்பெனி ஸ்பான்சரா வந்தது. அதுக்குப் பிறகுதான் சம்பளம் குடுத்து ஆள் எடுத்தவை. கம்பெனியின்ர பேர்தான் கிளப்பின்ர பேர். அவங்கள் விட்டிட்டுப் போக, ஒரு பெயின்ட் கம்பெனி. பேரும் மாறிச்சுது, ஜெர்சியும் மாறிச்சுது. பிறகு ஒரு லொறிக் கம்பெனி."

"ஊர்க்காரங்களுக்குக் குழப்பமா இருக்காதா மாமா?"

"அவை ஒருநாளும் அந்தப் பேர் ஒண்டையும் சொல்லேல்லை. எங்கட பெடியள் எண்டுதான் சொல்லுவினம்."

ஒருமுறை அந்தப் பையன்கள் கோப்பையும் வென்றிருக்கிறார்கள். ஊர்வலம் போனது மாமாவின் வேனில்தான். கடைசி ஸ்பான்சரும் விலகியபோது, லீக்கில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. அரங்கைப் பூட்டிய அன்று இவரும் கூட நின்றாராம். அதை மட்டும் விவரமாகச் சொல்லமாட்டார்.

எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பேத்தி அவர் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும், அவரை ஒட்டியே உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் சனிக்கிழமை வந்தால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் நெதர்லாந்திலிருந்து போன் வந்தது. கிளப்பின் பழைய ரசிகர்கள் சேர்ந்து அதை மறுபடி தொடங்குகிறார்களாம். கீழ்ப் பிரிவில், அதே அரங்கில். வேன் ஓட்ட ஆள் வேண்டுமாம்.

சாப்பாட்டு மேசையில் அவர் இதைச் சொன்னதும் என் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா, இந்த வயசில தனியப் போய் என்ன செய்யப் போறீங்கள்? அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். "அம்மாவின்ர செத்தவீட்டுக்கு ஆர் வந்தவை, பிள்ளை?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

பிறகு என்னிடம் சொன்னாள். அன்று பயங்கரப் பனி. லண்டனிலும் பாரிஸிலும் இருந்த சொந்தக்காரர்கள் வந்துசேர முடியவில்லை. கிளப் பையன்கள் எல்லோரும் டிராக்சூட்டிலேயே வந்தார்கள். முன்னால் நின்றால் மற்றவர்களுக்கு மறைக்குமென்று கடைசி வரிசையில் நின்றார்கள். பெட்டியைத் தூக்கச் சொந்தக்காரர்கள் இல்லை. ஒரு பக்கம் மாமாவும் ஊர்க்காரர் ஒருவரும், மறுபக்கம் இரண்டு அமெரிக்கப் பையன்கள். மாமா குள்ளம். பெட்டி சரியாமல் இருக்க, அவர்கள் இருவரும் வழி முழுக்க முழங்காலை மடக்கியபடியே நடந்தார்களாம்.

"நான் இதை எப்பிடி மறந்தன்?" என்று கேட்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மறுநாள் டிக்கெட் போட்டவள் அவள்தான். விமான நிலையத்தில் அவருடைய மப்ளரைச் சரி செய்து, "மாத்திரையை மறக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

முதல் ஆட்டம் அவர்களுக்குச் சனி இரவு, எங்களுக்கு ஞாயிறு காலை. மூன்று பேரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. அரங்கு நிறைந்திருந்தது. பையன்கள் நன்றாகவே தோற்றார்கள். மாமா எங்காவது தெரிகிறாரா என்று கடைசிவரை தேடினோம், தெரியவில்லை.

சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சலும் பாட்டும்.

"அப்பா, தோத்திட்டீங்களே?"

"ஓம் பிள்ளை, சரியான தோல்வி." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, வைக்கிறன். பெடியளுக்குப் பசிக்குதாம். கறி சூடாக்கோணும்."