எட்னா தைத்த இரட்டைப் பதாகை

எங்கள் புனித ஆஸ்வின்–சாட் உயர்நிலைப் பள்ளியின் வரலாறு என்று புத்தகம் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர்கள், பிஷப்புகள் எல்லோரும் இருக்கிறார்கள். என்னோடு பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த எட்னா ஓலரன்ஷாவைக் காணோம். எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நானே சொல்கிறேன்.

1961இல் ஊரின் இரண்டு ஆங்கிலிக்கன் கோயில் பள்ளிகளையும் ஒன்றாக்கத் தீர்மானித்தார்கள். செப்டம்பரில் திறப்பு. அதற்கு முன், பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மறுநாள் திங்களன்று, எல்லோரும் சேர்ந்து கோயில் பதாகையோடு ஊர்வலம் போக வேண்டும். எந்தக் கோயில் பதாகை முன்னால்? எங்கள் இங்கிலாந்து லங்காஷயரில் அடுத்த கோயில் பதாகைக்குப் பின்னால் எவன் நடப்பான்!

“ஆஸ்வின் முன்னாடி போகலேன்னா எங்க பிள்ளைங்க ஒண்ணுகூட புதுப் பள்ளிக்கு வராது,” என்றார் ஆஸ்வின் கோயில் நிர்வாகி டாட்டர்சால்.

“வராட்டிப் போங்கய்யா, எங்களுக்கு இடம் தாராளமாச்சு,” என்றார் சாட் கோயில் பில்லிங்.

பாதிப் பிள்ளைகள் வராவிட்டால் பள்ளியே திறக்காது என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. எட்னா சாட் கோயிலில் பிறந்து வளர்ந்து ஆஸ்வின் கோயிலில் வாழ்க்கைப்பட்டவள். கிழிசல் தைத்துத் தருகிறேன் என்று இருவரிடமும் புளுகி, பட்டுப் பதாகைகளை வாங்கி வந்து முதுகோடு முதுகாகத் தைத்துவிட்டாள்.

“போகும்போது ஆஸ்வின் முன்னாடி, திரும்பும்போது சாட். இப்ப என்ன சொல்றீங்க?” என்றாள். இருவரும் முனகிக்கொண்டே தலையாட்டினார்கள்.

ஆனால் காற்று போவதற்காக ஒவ்வொரு பட்டிலும் விட்டிருந்த கீறல்களை மற்றப் பட்டு மூடிவிட்டது. அது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சந்தைத் திடலில் ஒரு காற்று அடித்தது பாருங்கள், பதாகை சாயாமல் கயிறு பிடித்த நால்வரையும் அது இழுத்துக்கொண்டு ஓடியது.

“டாட்டர்சால்! பில்லிங்! வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதீங்க, கயித்தைப் புடிங்கய்யா!” என்று எட்னா கத்தினாள்.

இருவரும் ஒரே கயிற்றில் தொங்கினார்கள். ஊர்வலம் போய்ச் சேரும்வரை விடவில்லை. திரும்பும்போதும் விடவில்லை. பாண்டு வாத்தியம் முழங்க, வேர்த்து விறுவிறுத்து, ஒருவரையொருவர் திட்டியபடியே வந்தார்கள். முன்னால் அப்போதும் ஆஸ்வின்தான்! பதாகையைத் திருப்ப ஒருவருக்கும் நினைவில்லை, பில்லிங் உட்பட. நான் வாயைத் திறந்தேன்.

“மூச்சு விடாதடி, மேவிஸ்,” என்று எட்னா என் கையைக் கிள்ளினாள்.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு கோயில் பிள்ளைகளும் வாசல்வரை வரிசையில் நின்றார்கள். பாதி வரிசைக்குள் உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது. நான் பதறிப்போய்ச் சொன்னேன். என் எட்னா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“தீரட்டும்டி,” என்றாள், “நல்லாத் தீரட்டும்.”