ஜீப்புக்கு ரேடியேட்டர் தேடி மண்ணச்சநல்லூர் வரை

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையோடு பழைய ரேடியேட்டர் தேடிப் போனோம். பனி இறங்கினால் குழந்தைக்கு இழுப்பு வரும். டாக்டர் இருப்பதோ ஆற்றுக்கு அக்கரையில், புத்தூரில். அதற்காகவே என் கணவர் ஏலத்தில் ஒரு பட்டாளத்து ஜீப் எடுத்தார். யுத்தகாலத்து வண்டி. எஞ்சின் பரவாயில்லை, ரேடியேட்டர்தான் சல்லடை. ஸ்ரீரங்கத்தில் கிளம்பினால், பாலம் ஏறுமுன்பே மாம்பழச்சாலையில் கொதித்து நின்றுவிடும்.

முதலில் பாலக்கரை பழைய இரும்புக் கடைகள். (துருப்பிடித்த தகரத்தில் குழந்தை கைவைக்காமல் பார்ப்பதே பெரும்பாடு.) நான்காவது கடை பாய் சிரித்தார்.

"ஜீப்பு சாமானை டவுன்ல தேடுறீங்களேம்மா! பாதி ஜீப்பு மண்ணச்சநல்லூர்ல தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்கு."

டோல்கேட்டில் பஸ் மாறினோம். ஆளுக்கு முப்பது நயா பைசா. இறங்கி அரை மைல் நடை. ஒரு கிணற்றடியில் வெறும் ஜீப் எஞ்சின் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரே இல்லை! கிணற்றுத் தண்ணீரே எஞ்சினுக்குள் புகுந்து, வெதுவெதுப்பாக வாய்க்காலில் விழுகிறது. அப்படியானால் கழற்றிய ரேடியேட்டர் எங்கே?

கோழிக்கூட்டுக்குக் கதவாக நின்றது.

"தரமாட்டேங்க" என்றார் வயல்கார அம்மாள். "ராத்திரி கீரி வந்தா நீங்களா காவல் இருப்பீங்க?"

என் கணவர் விலையை ஏற்றிப் பார்த்தார். குழந்தையின் இழுப்பைச் சொல்லிப் பார்த்தேன் நான்.

"அய்யோ பாவம். ஆனா கோழியும் உசுருதானே? பட்டாளத்து வண்டியவே ஓட்டப்போறவருக்கு ஒரு கதவு செய்யத் தெரியாதா?"

அவரிடமே பலகை வாங்கி, இரண்டு மணி நேரம் இவர் ஆணி அடித்தார். அந்த அம்மாள் கதவைப் பிடித்து உலுக்கினார். "கோணலா இருக்கு. கீரிக்குப் போதும், எடுத்துக்குங்க."

உங்களில் யாராவது போனால், எஞ்சினைக் கேட்காதீர்கள். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் யாரும் கொடுக்கமாட்டார்கள். கழற்றிப் போட்டதைக் கேளுங்கள். கீழ்த் துளையை அடைத்து, அங்கேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சாக்கு கொண்டுபோங்கள், சும்மா தூக்கிப்போனால் கண்டக்டர் ஏற்றமாட்டார்.

பொருத்திய அதே வாரம், விடியும் நேரத்தில் குழந்தைக்கு இழுத்தது. காவேரிப் பாலத்தில் ஏறியதும் கேட்டேன்:

"கொதிக்குதா பாருங்க."

"கொதிக்கலை. நீ குழந்தையைப் பாரு."

புத்தூரில் டாக்டர் வாசல் வரும்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.