தண்ணீர் வரிசையில் கூடிய ஞானிகள் சபை

காலிப் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ‘டொக்டொக்’ ஓசையோடுதான் நாகல் நகரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள்களில் பொழுது விடியும். தெருவுக்கு ஒரே பொதுக்குழாய். வாரத்தில் ஒரு நாள், காலை ஒன்பது மணிக்குமேல் தன் விருப்பம்போல் வந்து, ஒரு மணி நேரத்தில் சொல்லாமல் நின்றுவிடும் தண்ணீர். அந்த வரிசைக்கென்று எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: பக்கத்தில் ஆள் நிற்காத குடம் ‘அநாதைக் குடம்’, அதை யார் வேண்டுமானாலும் தூக்கிக் கடைசியில் வைத்துவிடலாம்.

எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நால்வர், பள்ளிக்குக் கிளம்பும்வரை அந்த வரிசையில் காவல் இருந்தோம். பொழுது போகாத ஒரு நாளில், வரலாற்றுப் பாடத்தில் வந்த பழங்கால ஞானிகளெல்லாம் ஒன்றாகப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கி, எங்கள் தெருச் சிக்கல்களைப் பேசித் தீர்த்தால் எப்படியிருக்கும் என்று தொடங்கியதுதான் எங்கள் ‘ஞானிகள் சபை’. கவிழ்த்துப் போட்ட வாளிகளே ஆசனங்கள். நான் புத்தர். அம்மாவின் போர்வையைச் சுற்றிக்கொண்ட ஆரோக்கியம் இயேசு. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்கும் முத்துமாரிக்குச் சாக்ரடீஸ் இயல்பாகவே பொருந்தினார். கன்பூசியஸுக்கு மட்டும், படத்தில் இருந்த தொங்குமீசைக்கு வழியில்லாததால், கடைசிவரை ஆள் கிடைக்கவில்லை.

பாத்திமா எந்த வேடமும் ஏற்கவில்லை. “எங்க நபியா யாரும் நடிக்கக் கூடாது, பெரிய பாவம்” என்றாள். அப்படியானால் நீ யார் என்று கேட்டதற்கு, “நான் தலைவி. அதிகமாப் பேசுறவுகள உக்கார வைப்பேன்” என்று சொல்லி, இருந்தவற்றுள் பெரிய வாளியில் அவளே அமர்ந்துகொண்டாள்.

விளையாட்டுக்கு நடுவே உண்மையான வழக்கொன்று வந்தது. முத்துமாரியின் அம்மா செல்வியக்காவுக்கு நூல் மில்லில் காலை ஷிப்டு. குடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேறு ஆளில்லாததால், தண்ணீர் வரும் நாளெல்லாம் முத்துமாரிக்குப் பள்ளி கிடையாது. இன்னும் மூன்று நாள் வராவிட்டால் முழுப்பரீட்சை எழுதவிட மாட்டேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சாக்ரடீஸ் அன்று கேள்வி ஏதும் கேட்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைக் கண்டு சபை உடனே கூடியது.

புத்தராகிய நான், ஆசையைக் குறைத்தால் இரண்டு குடமே போதும் என்று அருளினேன். “ரெண்டு கொடத்துல நாலு பேரு குளிக்கணும். நீ வந்து குளிப்பாட்டி விடுறியா?” என்றாள் முத்துமாரி. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் என் ஞானம் அத்துடன் முடிந்தது. அடுத்து ஆரோக்கியம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டதை நினைவுபடுத்திக்கொண்டு, கடைசியில் இருப்பவருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தான். ஓரமாகத் தள்ளப்படும் அநாதைக் குடத்துக்கு இதைவிட நல்ல நீதி உண்டா? வரிசையை அதட்டி நடத்தும் ராஜாமணியக்காவே, “அதையும்தான் ஒருவாட்டி பாப்போமே” என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு தீர்ப்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதனால் மறுநாள் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை நான் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. அடுத்த வாரம் அந்தக் குழாயடியில்தான் கற்றேன். கடைசிக் குடத்துக்கே முதல் தண்ணீர் என்றதும், ஒவ்வொருவரும் தம் குடத்தை இன்னொருவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். வரிசை பின்னோக்கியே நடந்து, தையற்கடையைத் தாண்டி, தெருமுனைக்கே போய்விட்டது. தண்ணீர் வந்தபோது குழாயடியில் ஒருவருமில்லை.

“ஏலே ஆரோக்கியம், ஒந்தீர்ப்புல சாக்கடதாம்லே வயிறு நெறையக் குடிக்கிது!” என்று கத்திக்கொண்டே ஓடினார் ராஜாமணியக்கா. அன்று முத்துமாரிக்கு இரண்டு குடம்கூடச் சேரவில்லை. பள்ளிக்குப் போகாத நாள்களோடு மேலும் ஒன்று கூடியது.

அதற்கடுத்த வாரம் பாத்திமா எழுந்து நின்றாள். “நான் எங்க நபியா நடிக்கல. எங்க அத்தா சொன்னதத்தான் சொல்றேன். பக்கத்து வீட்டுக்காரவுகள மறந்துட்டு நாம மட்டும் வயிறார இருக்கக் கூடாதாம். அதனால இனிமே யாரும் தன் கொடத்தப் புடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கொடத்தத்தான் புடிக்கணும்.”

“பக்கத்து வீட்டுல ஆளே இல்லைன்னா?” என்றாள் முத்துமாரி.

“கொடம் இருக்குல்ல?”

வரிசையில் நின்ற என் அம்மா, பக்கத்து வீட்டுச் செல்வியக்காவின் பச்சைக் குடத்தை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். “நீ பள்ளிக்கூடத்துக்குப் போ தாயி, மணியாச்சு.”

புதிய சட்டத்திலும் வில்லங்கங்கள் இருந்தன. முக்கால் குடத்தோடு நிறுத்திக்கொண்ட கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால், ஆண்டுக்கணக்கில் முகம்பார்த்துப் பேசாத இரு வீட்டுப் பெண்கள், “கொறச்சு ஊத்துனான்னு ஒரு சொல் வந்துரக் கூடாதுல்ல” என்று ஒருவர் குடத்தை ஒருவர் வழிய வழிய நிரப்பியதும் அதே வரிசையில்தான். முத்துமாரி முழுப்பரீட்சை எழுதினாள். கணக்கில் என்னைவிடக் கூடுதலாகவும் வாங்கினாள்.

இன்று அந்தக் குழாய் இல்லை, வரிசையும் இல்லை. வீடுதோறும் இணைப்பு வந்துவிட்டது. அந்த அடிதடி ஒழிந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால், குழாயோடு மோட்டாரைப் பொருத்தித் தண்ணீரை உறிஞ்சும் வழக்கமும் கூடவே வந்துவிட்டது. என் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது. போன வாரம் அதைப் போட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, இதே தெருவின் மேட்டுப் பகுதியில் இப்போது குடியிருக்கும் முத்துமாரி தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏய், மோட்டார நிப்பாட்டுடி. இங்க வெறுங்காத்துதான் வருது. ஞானத்தையெல்லாம் பெறகு எழுதலாம்.”

எழுந்து போய் நிறுத்தினேன். என் தொட்டி பாதிதான் நிறைந்திருந்தது.