சத்தம் போடாத வண்டி

உமாராணி அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. அவள் வண்டியைப் பற்றிக் கேட்டால் இரண்டு உண்டு. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவளுடைய பாத்திரக்கடைக்கு நேர் எதிரே தையல் கடை போட்டிருப்பவள் நான், ஸ்டெபி. அவளையும் அவள் வண்டியையும் என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் அந்தக் கருத்துகளையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நான் சொல்வதைக் கேளுங்கள்.

அவள் வீட்டுக்காரர் லிங்கராஜ் அண்ணாச்சி திடீரென்று போய்ச்சேர்ந்தபோது, கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டோடு இரு என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அக்கா கல்லாவில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த மாதம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அண்ணாச்சியின் டீசல் வேனை ஓட்டிக்கொண்டு அண்டாவும் குத்துவிளக்குமாகக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்கினாள். வேன் தெருவையே புகையால் நிரப்ப ஆரம்பித்ததும் அதைத் தள்ளிவிட்டு ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கி வந்து நிறுத்தினாள்.

அன்றிலிருந்து தெருவில் எல்லாரும் என்ஜினீயர் ஆகிவிட்டார்கள். பக்கத்துக்கடை சுந்தரராஜ் அண்ணாச்சி வாழ்நாளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அவர்தான் பெரிய என்ஜினீயர். "மழையில ஷாக் அடிச்சிரும். உமா வண்டில ஏறுனா ரப்பர் செருப்பைக் கழட்டாதிய" என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இலவச ஆலோசனை வழங்கினார். பாலம் ஏறாது என்றார்கள். உப்புக்காற்று பேட்டரியை அரித்துவிடும், மூன்று வருஷத்தில் வண்டியைக் காயலான் கடையில் போட வேண்டியதுதான் என்றார்கள். பொய் சொல்வானேன், முதல் நாள் ரப்பர் செருப்போடுதான் நானும் ஏறினேன்.

அக்கா யாரிடமும் வாதம் செய்யவில்லை. அடைமழையில் சாயர்புரத்துக்குச் சரக்கு இறக்கிவிட்டு நனையாமல் திரும்பி வந்தாள். துறைமுக ரோட்டுப் பாலத்தில், உறுமிக்கொண்டு ஊர்ந்த கண்டெய்னர் லாரியைச் சத்தமே இல்லாமல் முந்தினாள். ராத்திரி செல்போனுக்குப் போடுவதுபோல் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பாள். பேட்டரிக்கு எட்டு வருஷம் கம்பெனி பொறுப்பு. மூன்று வருஷம் என்று சொன்னவர்கள் நான்காம் வருஷமும் சுந்தரராஜ் அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவர்களை நான் மன்னித்துவிடுவேன். ஆழ்வார்திருநகரி ஆட்களை மன்னிக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அக்காவுக்கு ஒரே மகள், முத்துச்செல்வி. ஆழ்வார்திருநகரியில் அரிசிக்கடை வைத்திருக்கும் மகாராஜன் அண்ணாச்சியின் மகன் செந்தில்முருகனுக்குக் கட்டிக்கொடுத்தாள். கல்யாணத்தன்று பெற்ற தாய் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்று மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தாள். புருஷன் இல்லாதவள் முன்னால் வரக்கூடாதாம். அன்றைக்கு அவள் அழவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

முத்துச்செல்விக்கு ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அக்காவின் மனதில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. என்னிடம் அதை வாய்விட்டே சொன்னாள்.

"வளையல் போட விடமாட்டாவ, ஸ்டெபி. போகட்டும். ஆனா எம்பிள்ளைய எங்கையால வண்டி ஓட்டி நான்தான் கூட்டிட்டு வருவேன். இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

ஒரு வாரம் முன்பே மகாராஜன் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்துவிட்டது. "தங்கச்சி, கரண்டு வண்டில புள்ளத்தாச்சி ஏறப்படாது. வயித்துக் குழந்தைக்கு ஆகாதாம்ல. நான் டீசல் கார் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ உன் வண்டில பின்னால வா."

அக்கா மகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "வாசல் வரைக்கும் செல்போனும் கையுமா வந்துட்டு, பேட்டரி காரைப் பத்திக் கேக்கிறீங்களே. தாராளமா கூட்டிட்டுப் போங்க, குழியில மட்டும் மெதுவா விடுங்க" என்று டாக்டரம்மா சிரித்தார். அதை அப்படியே போனில் சொன்னாள். அண்ணாச்சி அடுத்ததற்குத் தாவினார். வழியில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிடுமாம். "இங்க வந்துட்டு வீட்டுக்குத் திரும்பி, மறுபடியும் வந்துட்டுப் போனாலும் சார்ஜ் மிச்சம் இருக்கும், அண்ணாச்சி" என்றாள் அக்கா. மழைக்காலம் என்றார். "ஆள் முங்குத தண்ணில நீங்க சொல்லுத டீசல் வண்டியையும் இறக்க முடியாதுல்லா" என்றாள். கடைசியில் அவர் "பாக்கலாம்" என்று போனை வைத்தார்.

வளைகாப்பு அன்று தூறல் விட்டுவிட்டுப் போட்டது. நானும் கூடப் போயிருந்தேன். அக்கா அங்கேயும் சமையற்கட்டு ஓரமாகத்தான் நின்றாள். வளையல் போட்டு முடிந்து வாசலுக்கு வந்தால், டீசல் கார் ஒருபுறம், அக்காவின் கார் ஒருபுறம். முத்துச்செல்வி யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து அம்மா வண்டியில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் ஏறிய வண்டியின் நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டி முதல் தடவையிலேயே கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் சகுனம் சரியில்லை என்று பெண்ணை இறக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மகாராஜன் அண்ணாச்சியின் அக்காளை அழைத்துப்போன கார் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பியதாம். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதிலிருந்து அவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அக்கா பட்டனை அமுக்கினாள். திரையில் விளக்கு எரிந்தது. முன்னால் முத்துச்செல்வியின் மாமியார் சீனித்தாய் இன்னும் சூடம் காட்டிக்கொண்டிருந்ததால், பிரேக்கில் கால் வைத்தபடி மரியாதையாகக் காத்திருந்தாள்.

கூட்டமும் காத்திருந்தது. அவர்கள் காது என்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தது. சூடம் அணைந்தது. சத்தம் வரவில்லை. ஒரு கிழவர் உச்சுக் கொட்டினார். "ஸ்டார்ட் ஆகல" என்று ஒரு குரல் வந்தது. "அய்யய்யோ, முதல் தடவையிலேயே நின்னுட்டே" என்று இன்னொன்று. மகாராஜன் அண்ணாச்சி விறுவிறுவென்று வந்து பின்கதவைத் திறந்தார்.

"இறங்கு தாயி. இன்னைக்குப் போகண்டாம்."

"அண்ணாச்சி, வண்டி அப்பவே ஸ்டார்ட் ஆகிட்டு" என்றாள் அக்கா.

"எனக்கு என்ன காது செவிடா? சத்தத்தைக் காணோம்!"

"இது சத்தம் போடாது. கையை உள்ள நீட்டிப் பாருங்க, ஏசி ஓடுது."

"ஏசி பேட்டரில ஓடும்."

"வண்டியே பேட்டரிலதான் ஓடுது, அண்ணாச்சி!"

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டுக் கையை மருமகள் பக்கம் நீட்டினார். "எதுவா இருந்தாலும் சரி. அவ டீசல் வண்டில நாளைக்கு வரட்டும். டிரைவர் ஓட்டுவான்."

டிரைவர் என்ற சொல்தான் அக்காவை உசுப்பியது. கண்ணாடியை முழுக்க இறக்கினாள். குரல் உயரவில்லை, ஆனால் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, மழைக்கு ஆகாதுன்னிய. நின்னுபோகும்னிய. குழந்தைக்கு ஆகாதுன்னிய. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். இப்ப நான் ஒண்ணு கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க. ஆகாதது வண்டியா, நானா?"

கூட்டத்தில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள்.

"தாலி இல்லாதவ ஓட்டுத வண்டில ஏறுனா ஆகாது. அதைச் சொல்ல வாய் வராம வண்டி மேல பழியைப் போடுதிய. கல்யாணத்தன்னைக்குத் தூணுக்குப் பின்னால நின்னேன். இன்னைக்கு நிக்க மாட்டேன். பத்து மாசம் இவளைச் சுமந்தது நான். அப்ப எந்தச் சகுனத்தையும் கேக்கல. கதவைச் சாத்துங்க."

கதவைச் சாத்தியது அண்ணாச்சி அல்ல. முத்துச்செல்விதான். கை நிறைய வளையல் குலுங்க, மாமனார் கையை மெல்ல விலக்கிவிட்டு இழுத்துச் சாத்தினாள். கார் முன்னால் அணைந்த சூடத்தட்டோடு நின்ற சீனித்தாய் ஒதுங்கி வழிவிட்டாள்.

"எடுங்க, மதினி" என்றாள்.

அக்கா காலை எடுத்தாள். வேறு சத்தமே இல்லாததால் நான்கு பழமும் நசுங்கியது வாசல் முழுக்கக் கேட்டது. இத்தனை வருஷத்தில் எந்த டீசல் வண்டிக்கு அடியிலும் அந்தச் சத்தம் அங்கே யாருக்கும் கேட்டிருக்காது.

மகாராஜன் அண்ணாச்சி விட்டாரா? டீசல் காரில் ஏறிக்கொண்டு பின்னாலேயே வந்தார், நாங்கள் எங்கே நிற்போம் என்று பார்க்க. ஆத்தூரில் அக்கா ஓரங்கட்டினாள். அவர் வண்டியும் வந்து நின்றது. பாய்ந்து இறங்கினார்.

"நின்னுட்டுல்லா! நான் அப்பவே சொன்னேன்லா!"

"வெத்தலை வாங்க நிறுத்துனேன்" என்றாள் அக்கா. "உங்களுக்கும் ஒரு கவுளி வாங்கட்டுமா, அண்ணாச்சி?"

அவர் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். உப்பளம் தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது முத்துச்செல்வி என் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சார்ஜ் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுபோகும் நாள் வந்தபோது மகாராஜன் அண்ணாச்சியே போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"தங்கச்சி, பிள்ளை சத்தத்துக்கு முழிச்சிக்கிடும்லா. அந்த அமைதியான வண்டிலயே வரட்டும். செந்திலை அனுப்புதேன், அவன் ஓட்டிட்டு வந்துருவான்."

"வண்டி தனியா வராது, அண்ணாச்சி. ஓட்டுதவளும் சேந்துதான் வருவா."

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு "சரி, வாங்க" என்று வந்தது.

போய் நின்றோம். பிள்ளை விழிக்கவில்லை. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற சீனித்தாய், முத்துச்செல்வியையும் குழந்தையையும் இறக்கி நிறுத்தினாள். அக்கா வழக்கம்போல ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தாள். சீனித்தாய் ஆரத்தி சுற்றவில்லை. டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"நீங்களும் இறங்கி வந்து நில்லுங்க, மதினி."

அக்கா இறங்கிப் பேத்தியோடு சேர்ந்து நின்றாள். மகாராஜன் அண்ணாச்சி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் தடுக்கவில்லை. சீனித்தாய் மூன்று பேருக்கும் சேர்த்துச் சுற்றி, ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு மூன்று பேர் நெற்றியிலும் வைத்தாள். திரும்பி வரும் வழியில் அக்கா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. அந்தச் சிவப்பைத் துடைக்காமல் நேராகக் கடைக்கு வந்து, சுந்தரராஜ் அண்ணாச்சியின் பெஞ்சுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கல்லாவில் உட்கார்ந்தாள்.