லீமாவ் பூருட் எண்ணெய்

லீமாவ் பூருட் எலுமிச்சையின் தோலைச் சீவி, ஈரம் போகக் காயவைத்து, தேங்காய் எண்ணெயில் ஊறப்போடுவேன். ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி ஜன்னலில் அந்தப் போத்தல் பத்து நாள் வெயில் குடிக்கும். பிறகு தலைக்குத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவேன்.

பத்து காவான் என்ற ஊரில் நான் வேலை செய்யும், தூசி ஆகாத தொழிற்சாலையில் பூ, பவுடர், சென்ட் எதுவும் கூடாது. தலை எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண் மட்டும் தெரியும் வெள்ளை உடைக்குள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருப்போம்.

ஒருநாள் பக்கத்து மெஷின் பெண் பின்னாலிருந்து கேட்டாள்: "அக்கா, நீங்கதானே? வாசனையிலேயே தெரியுது லா."

அவளுக்கும் ஒரு போத்தல் கொடுத்தேன்.

மறுவாரம் நடைவழியில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளை உடை மெல்லப் போனது. அதே மணம். நான்தான் போகிறேன் என்று தோன்றியது. கூப்பிடாமல் பின்னாலேயே நடந்தேன்.