சாயிப்பு விட்ட கோல்

என் மகள் அயர்லாந்தில் செவிலியாகப் பணிபுரிகிறாள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் இதைச் சொன்னால் எவரும் வியப்பதில்லை. அந்நாட்டு மழையைப் பற்றிப் பேசத் தெரியாத வீடு எங்கள் தெருவில் அரிது. ஆனால் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது அவள் ஒரு விருந்தினரையும் உடன் அழைத்துவந்தாள். அங்கே அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர், எழுபதைக் கடந்தவர், ஹர்லிங் எனப்படும் அந்நாட்டின் தொன்மையான கோற்பந்தாட்டத்தில் பெரும்புகழ் பெற்ற இலக்குக் காவலர். இளமை முழுவதும் கையுறையின்றிப் பந்தை மறித்தமையால் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டின. அவற்றுக்கு எண்ணெய்ப் பண்டுவம் செய்துகொள்ளவே இடக்கொச்சி வைத்தியரை நாடி வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியனும் ஊராருக்கு 'மாஷு'மான நானும் அவரும் காலைதோறும் ஆட்டோவில் சென்றுவருவது வழக்கமாயிற்று.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை அறிந்துகொண்டது அந்த ஆட்டோவில்தான். உழவர் குடியில் கடைக்குட்டி. அண்ணன்மார் அனைவரும் முன்னே நின்று ஆட, எஞ்சிய இடமான இலக்குவாயில் இவர் நிறுத்தப்பட்டார். பின்னர் பால் ஏற்றும் லாரி ஓட்டிப் பிழைத்தார். ஆட்டத்துக்கென்று ஊதியம் கிடையாது. ஆயினும் தம் மாவட்டத்துக்காக நெடுங்காலம் அவ்வாயிலைக் காத்து, பதக்கங்களைப் பெட்டி நிறையச் சேர்த்தார். சாலையில் அவரைக் கண்டால் பாதிரியாரே வண்டியை நிறுத்துவாராம்.

"நிறுத்தி, அந்தப் பந்தைப் பற்றிக் கேட்பார்" என்றார் அவர்.

ஓர் இறுதிப்போட்டியின் கடைசிக் கணத்தில், அவர் கையிலிருந்த ஆட்டக்கோலுக்கு அடியில் நழுவி வலைக்குள் சென்ற பந்து அது. கோப்பையும் அதனோடு சென்றது. மறித்த பந்துகளை ஊரார் மறந்தனர். விட்ட ஒன்றை மறக்கவில்லை. இறைச்சிக் கடைக்காரர் பொட்டலத்தை நீட்டும்போது, "கவனம், நழுவ விட்டுவிடாதே" என்பாராம். தாயாரின் நல்லடக்கத்தன்று குழியருகே ஒருவர் ஆறுதலாகத் தோளில் கைவைத்து, "நீ சற்று முன்னேறி வந்திருக்கலாம்" என்றாராம்.

"இங்கே அதை எவரும் அறியமாட்டார்கள் அல்லவா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆட்டத்தின் பெயரையே அறியமாட்டார்கள்" என்று உறுதியளித்தேன். அன்றுதான் அவர் தம் சாயாவை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஆனால் கோல்கீப்பர் ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டுக்குள் அடங்கி இருக்காது. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவரும் எங்கள் பகுதி விளையாட்டு மன்றத்தின் செயலாளருமான ஓர் இளைஞர் வீடு தேடி வந்தார்.

"மாஷே, வீட்டிலிருக்கிற வெள்ளைக்கார சாயிப்பு பெரிய கோளியாமே. கிளப்பில ஒரு ஸ்வீகரணம் கொடுக்கணும்."

"வரவேற்பு என்று சொல்லுங்கள். அவர் ஆடியது கால்பந்து அன்று."

"கோளி கோளிதானே மாஷே. பந்து உள்ளே போகக்கூடாது. வேறென்ன?"

மறுநாளே தெருமுனையில் பதாகை எழுந்தது. படத்துக்கு என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எவரோ ஒரு கால்பந்துக் காவலர் காற்றில் பாயும் உடலின்மீது எங்கள் விருந்தினரின் தலையை ஒட்டியிருந்தனர். அவர் அதன் கீழே நின்று நெடுநேரம் பார்த்தார்.

"கையுறை நன்றாக இருக்கிறது. எனக்கு எவரும் வாங்கித் தரவில்லை" என்றார்.

அவருடைய வாழ்க்கையை அவைக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "அப்பா, எதை வேணா சொல்லுங்க. அந்த கோலைப் பத்தி மட்டும் வாயே தொறக்கக்கூடாது" என்றாள் மகள். நான் திறக்கவில்லை. ஆட்டத்தின் இலக்கணத்தையே விரித்துரைத்தேன்: குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் சென்றால் மூன்று, பந்தைக் கையால் ஏந்துதலும் இவ்வாட்டத்தில் முறையே. அவை மிக அமைதியாக இருந்தது. இறங்கி வந்ததும் செயலாளர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"மாஷே, பிரசங்கம் கேமமாயிருந்தது, ரொம்ப ஜோர். ஒண்ணும் புரியல."

பொன்னாடை போர்த்தியபின் செயலாளரே ஒலிவாங்கியைப் பிடித்தார். "இனி நம்ம சாயிப்பு களிச்ச களி, அந்த ஆட்டம் ஒண்ணு காணலாம்." வெண்திரையில் ஒளி விழுந்தது. விருந்தினரின் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் காட்சி எதுவென்று எங்கள் மூவருக்குத்தான் தெரியும். மகள் என் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். விருந்தினர் எழுந்து பொன்னாடையைக் கழற்றி மடிக்கத் தொடங்கினார்.

திரையில், எதிரணியினன் ஒருவன் துள்ளியெழுந்து பந்தைக் கையால் பிடித்தான், கீழே விட்டான், கோலால் அடித்தான். இளமையில் இருந்த எங்கள் விருந்தினர் குனிந்தார். பந்து உள்ளே சென்றது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஹேண்டு."

"ஹேண்டுதான். கையில பிடிச்சிட்டுல்ல அடிக்கிறான்."

"ரெஃபரி எங்கடா போனான், சாயா குடிக்கவா?"

"சேட்டா, ஒருக்கா கூடப் போடு. மெல்லப் போடு."

மெல்லப் போட்டனர். கை தெளிவாகத் தெரிந்தது. கால்பந்திலேயே பிறந்து வளர்ந்த அவை ஒருமனதாக எழுந்துவிட்டது. "சாயிப்பே, கோல் இல்ல. கோல் கிடையாது" என்று முன்வரிசை முதியவர் ஒருவர் எங்களருகே வந்து விருந்தினரின் கையைக் குலுக்கினார்.

விருந்தினர் என் மகளை நோக்கினார். "என்ன சொல்கிறார்கள்?"

"அந்த கோல் செல்லாது என்கிறார்கள்."

அவர் மீண்டும் அமர்ந்து, பொன்னாடையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னொரு முறை போடச் சொல்" என்றார்.

முறைமை பிறழ்ந்ததைக் கண்டு வாளாவிருக்க என்னால் இயலாது. விளக்குவதற்காக ஒலிவாங்கியை நோக்கி எழுந்தேன். விருந்தினரின் கோணல் விரல்கள் என் சட்டையைப் பிடித்தன.

"நண்பரே, உங்கள் சொற்பொழிவு முடிந்துவிட்டது."

அமர்ந்தேன்.

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. அக்காட்சியை என் மகளின் கைப்பேசியில் ஏற்றி வாங்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினார். மீன்காரர், ஆட்டோக்காரர், லாட்டரிச் சீட்டு விற்பவர் என எல்லோரிடமும் நீட்டினார். எல்லோரும் பார்த்து, கையைச் சுட்டி, அதே தீர்ப்பை வழங்கினர். வைத்தியரும் வழங்கினார், எண்ணெய்க் கையோடு.

பின்னொரு நாள் மாலையில், மிளகு மண்டி வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவரின் கடைக்குள் நுழைந்தோம். இளமையில் அவரும் எழுவர் கால்பந்தில் இலக்குக் காவலராக நின்றவர் என்பது ஊரறிந்த செய்தி. காட்சியை இருமுறை பார்த்தார். தீர்ப்பு ஏதும் சொல்லவில்லை.

"மாஷே, அவர்ட்ட ஒண்ணு கேளுங்க. அப்ப வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

மொழிபெயர்த்தேன். விருந்தினர் சாயாக் குவளையைக் கீழே வைத்தார்.

"இத்தனை ஆண்டில் இதை ஒருவரும் கேட்டதில்லை" என்றார். பிறகு, "முதுகுப்பக்கம். பந்து நன்றாகத் தெரிந்தது. எங்கள் ஆட்டத்தில் கையால் பிடிக்கலாம், கோல் செல்லும். நான்தான் விட்டுவிட்டேன். இதை அவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன்.

"கையால பிடிக்கலாம்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மாஷ் மேடையில சொன்னாரே" என்றார் ராவுத்தர். "எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க, நான் எதுக்குக் கெடுக்கணும்?" மிளகுக் கையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒண்ணு போயிருக்கு. இடக்கொச்சி மைதானத்துல, ஃபைனல்ல. வெயிலும் இல்ல, மழையும் இல்ல. காலுக்கு நடுவுல போச்சு. அதுக்கப்புறம் அந்த ஊர்ல கல்யாணம்னாக்கூட பீவியத்தான் அனுப்புவேன்."

இதைக் கேட்டதும் விருந்தினர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார். "நாளைக் காலை நாங்கள் இடக்கொச்சிக்குத்தான் போகிறோம். ஆட்டோவில் மூன்றாமவருக்கு இடம் உண்டு என்று சொல்லுங்கள்."

ராவுத்தர் மிளகுச் சாக்கின் வாயைக் கட்டினார்.

"ஆட்டோவிலேர்ந்து இறங்கமாட்டேன்" என்றார். "அது சம்மதம்னா வாரேன்."