அழுகிறவளை யாரும் பார்க்கக் கூடாது

கேமராமேன் என் பக்கத்தில் வந்து, "நானூறு அடி பிலிம்தான் சார் மிச்சம். ஒரே டேக்" என்றபோது மாலை மணி நாலு. அந்தக் காலத்தில் புது பிலிம் வாங்க ரா ஸ்டாக் பர்மிட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும். இன்னொரு ரோல் கேட்டால் தயாரிப்பாளர் படத்தையே மூட்டை கட்டிவிடுவார், என்னையும் சேர்த்து. நான்தான் புரொடக்‌ஷன் மேனேஜர்.

அது ஒரு காதல் படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, கலரும் கிடையாது. மெட்ராஸில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண். தினமும் அதே பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒருவன். ஒருநாள் அவன் வரவில்லை. நெரிசலுக்கு நடுவே நின்று அவள் அழுகிறாள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படத்தின் உயிரே அந்த ஷாட்தான் என்று டைரக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மெட்ராஸில் கேமராவை இறக்கினால் தெருவே வேடிக்கைக்கு வந்துவிடும். அதனால் ஊருக்கு வெளியே தண்டலம் கிராமத்தில் ரோட்டோரமாக ஒரு பஸ் ஸ்டாப் செட் போட்டோம். பழைய பஸ் ஒன்றைப் பிடித்து மெட்ராஸ் போர்டு மாட்டினோம். கூட்டத்துக்கு உள்ளூர் ஆட்களையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அடியேனுடையது. அங்கேதான் சனி பிடித்தது.

முதல் நாள் ஐம்பது பேரை நிறுத்தி, யாரும் யாரையும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்கள். ஆக்‌ஷன் சொன்னதும் ஒருவர் பக்கத்து ஆளிடம் மாட்டுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். அடுத்த டேக்கில் நாலு பேர் நகர்ந்து, ஹீரோயின் உட்கார இடம் விட்டார்கள். அதற்கடுத்த டேக்கில் பஸ் வந்தது. அவளை முதலில் ஏறச் சொல்லி மொத்தக் கூட்டமும் ஒதுங்கி வழிவிட்டது. மெட்ராஸ் பஸ்ஸில் இதைப் பார்த்தவன் உண்டா?

ஒரே ஊர்க்காரர்கள் என்பதால்தான் இந்தத் தொல்லை என்று கண்டுபிடித்தேன். மறுநாள் தண்டலத்தில் கொஞ்சம், வல்லக்கோட்டையில் கொஞ்சம், மணிமங்கலத்தில் கொஞ்சம் என்று லாரி அனுப்பி ஆள் கொண்டுவந்தேன். முன்பின் தெரியாதவர்கள் எப்படிப் பேசுவார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மத்தியானம் எல்லோரையும் பந்தியில் உட்காரவைத்ததுதான் நான் செய்த தப்பு. மோர் வருவதற்குள் யாருக்கு யார் பெண் கொடுத்தது, யார் வீட்டு மருமகள் எந்த ஊர் என்று தோண்டி எடுத்து, அத்தனை பேரும் மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த இரண்டு டேக்கும் கல்யாண வீடு மாதிரி இருந்தன.

மிச்சம் நானூறு அடி. நான் பெஞ்ச் மேல் ஏறி நின்று கத்தினேன். "நீங்க யாருக்கும் யாரும் இல்ல. எல்லாம் மெட்ராஸ் ஜனம். அந்தப் பொண்ணு அழுதாலும் கண்டுக்கக் கூடாது."

முன்வரிசையில் ஆரோக்கியமேரி நின்றிருந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்பவள், ஐம்பது வயதிருக்கும். அவள் சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "அழுவுற பொண்ண இன்னான்னு கூட கேக்க மாட்டாங்களா சார் அங்க?"

மாட்டார்கள் என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு சார் அவ்ளோ கூட்டம்?"

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

கிளாப் அடித்தார்கள். கூட்டம் அப்படியே மெட்ராஸாக நின்றது. ஹீரோயின் புதுமுகம், மெட்ராஸில் ஹாஸ்டலில் தனியாக இருப்பவள். அன்று கிளிசரின் கேட்கவில்லை. மெல்ல அழ ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஒருவர் தலைகூடத் திரும்பவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்போது ஆரோக்கியமேரி நகர்ந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினேன், கும்பிட்டேன். அவள் நேரே போய் முந்தானையால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துவிட்டு, "சாப்டியாம்மா?" என்றாள். அவ்வளவுதான், அந்தப் பெண் அவள் தோளில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதாள். அது நடிப்பில்லை. கட் சொல்ல மனம் வராமல் டைரக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். பிலிம் தீர்ந்து கேமரா தானாக நின்றது.

என் வேலை போயிற்று என்று ஜெனரேட்டர் வேன் பின்னால் போய் உட்கார்ந்தேன். டைரக்டர் தேடி வந்து, அந்த அம்மா நகர்வதற்கு முன்னால் உள்ள இரண்டு நிமிஷம் தனக்குப் போதும் என்றார். படத்தில் இன்றும் அந்த இடத்தில் ஹீரோயின் தனியாகத்தான் நிற்கிறாள். எனக்கு உயிர் திரும்பியது.

அவர் போனதும் ஆரோக்கியமேரி வந்தாள். "நடிப்புன்னு தெரியும் சார். மனசு கேக்கல" என்றாள். பரவாயில்லை என்றேன். போகாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ சாப்டியா சார்?"

பதினோரு வருஷமாக யூனிட் யூனிட்டாகச் சோறு போட்டவன் நான். சாப்பாடு வரவில்லை என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு, என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. அண்டாவில் மிச்சமிருந்த சோற்றில் மோரை ஊற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். பந்தி முடிந்ததும் கணக்குக்கு இலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். யார் தனியாக நிற்கிறார்கள் என்று ஒரு சுற்று நடந்து பார்த்து, கிட்டே போய்க் கேளுங்கள்.